ஸ்டாடிஸ்டிக்ஸ்ல போச்சு. ரெண்டாம் வருஷம் தொடரலாமா, பழைய வேலைக்கே போயிடலாமா?

ஐசியூ_நாகர்கோவில்

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. நர்சிங் முதல் வருஷம் எழுதியாச்சு. மெடிக்கல் சர்ஜிக்கல், அதுல கிரிட்டிக்கல் கேர். போன வாரம் ரிசல்ட். நர்சிங் எஜுகேஷன், அட்வான்ஸ்டு நர்சிங் பிராக்டிஸ், கிளினிக்கல் ஸ்பெஷாலிட்டி எல்லாம் பாஸ். ரிசர்ச் அண்டு ஸ்டாடிஸ்டிக்ஸ் மட்டும் 44, பாஸுக்கு 50 வேணும். இன்டர்னல் 17, எழுத்துல 27.

நான் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமா) ஆளு. அப்புறம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., அப்புறம் நாலு வருஷம் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி ஐசியூ. கணக்கைப் பள்ளிக்கூடத்தோட விட்டாச்சு. வேலையை விடும்போது எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டுக்கு மூணு மாசம் நடையா நடந்தேன். அட்மிஷனுக்குக் கடைசி நாள் அன்னிக்குத்தான் கையில கிடைச்சுது. அதே ஆஸ்பத்திரி இன்சார்ஜ் சிஸ்டர் இப்போ போன் பண்ணி, "ஆள் இல்ல, வந்துடு, உன் பழைய சம்பளத்துக்கு மேல வாங்கித் தர்றேன்"னு சொல்றாங்க. வீட்டுக்காரர் ஓமன்ல. பையன் ஒண்ணாம் கிளாஸ். மனசு ஊசலாடுது.

கேட்க வேண்டியது இதுதான். ஒரு பேப்பர் நின்னா ரெண்டாம் வருஷத்துல உட்கார விடுவாங்களா? காலேஜ்ல ஒருத்தர் விடுவாங்கங்கிறார், இன்னொருத்தர் தலையை ஆட்டுறார். அடுத்தது, பையனுக்கு டெங்கு வந்தப்போ ஒன்பது நாள் போஸ்டிங் (வார்டுல பயிற்சி டியூட்டி) போகல. அட்டெண்டன்ஸ் 80-க்கு மேல இருக்கு, ஆனா அந்த ஒன்பது நாள் என்னாகும்?

கடைசியா தீசிஸ். கைடு மேடம் "கை கழுவுவது பற்றிய ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம், 60 சாம்பிள்"னு தலைப்பையே எழுதிக் கொடுத்துட்டாங்க. எனக்கு மனசுல இருக்கிறது வேற. வென்டிலேட்டர்ல இருக்கிறவங்களுக்கு ட்யூபை வாயோரம் பிளாஸ்டர் போட்டு ஒட்டுறோம்ல, நாலஞ்சு நாள்ல அந்த ஓரம் வெள்ளையா ஊறிப்போயி, பிளாஸ்டரைப் பிரிச்சா தோலும் கூடவே வரும். ட்யூபை ஷிஃப்டுக்கு ஒரு தடவை வலது ஓரத்துல இருந்து இடது ஓரத்துக்கு மாத்தினா அந்தப் புண் குறையுதான்னு பார்க்கணும். நாலு வருஷமா நைட் டியூட்டியில நான் நினைச்சுக்கிட்டிருந்தது இதுதான்.

மதுரை_பிரதர்

சிஸ்டர், அதே பேப்பர், அதே கதை. எனக்கு 41. ரெண்டாம் வருஷ கிளாஸ்ல உட்கார்ந்தேன், யாரும் ஒண்ணும் சொல்லல. சப்ளிமெண்டரியில கிளியர் பண்ணினேன். இப்போ டியூட்டரா இருக்கேன். இன்டர்வியூவுல அந்த அரியரைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கல.

வேலைக்கு மட்டும் திரும்பாதீங்க. "ஒரு வருஷம் சம்பாதிச்சிட்டு வந்து முடிச்சிடுறேன்"னு போன என் பேட்ச்மேட் ரெண்டு பேர் திரும்பி வரவே இல்ல.

லண்டன்_கனவு

எம்.எஸ்சி. எதுக்கு சிஸ்டர்? ஓஇடி இங்கிலீஷ் டெஸ்ட் எழுதிட்டு யூகே போங்க. ஐசியூ அனுபவம் நாலு வருஷம் கையில வச்சுக்கிட்டு இங்க கிடந்து கஷ்டப்படுறீங்க. படிச்சே ஆகணும்னா நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிக்கல் கேர் கோர்ஸாவது எடுத்திருக்கலாம். அது பெரும்பாலும் வார்டு வேலைதான், புஸ்தகம் கம்மி.

பழைய_டியூட்டர்

அந்த லண்டன் தம்பிக்கு முதல்ல சொல்லிடறேன். பிராக்டிஷனர் கோர்ஸும் ரெண்டு வருஷம்தான், ஆஸ்பத்திரியில வேலை பார்த்துக்கிட்டே படிக்கிற ரெசிடென்சி முறை. ஆனா அங்கேயும் ரிசர்ச் பேப்பர் இருக்கு, தீசிஸும் இருக்கு. தப்பிச்சு ஓடுற வழி அது இல்ல. யூகே போறது அவரவர் இஷ்டம்.

அம்மாடி, உன் விஷயத்துக்கு வர்றேன். உன் காலேஜ்ல ரெண்டு பேர் சொன்னதும் பாதிப் பாதி சரி. இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டப்படி முதல் வருஷத்துல பேப்பர் நின்னாலும் ரெண்டாம் வருஷப் படிப்பைத் தொடரலாம். ஆனா முதல் வருஷப் பாடம் அத்தனையும் பாஸ் ஆகாம ரெண்டாம் வருஷப் பரீட்சை எழுத முடியாது. கிளாஸுக்கு வழி திறந்திருக்கு, ஹாலுக்குப் பூட்டு. அந்தச் சாவி உன் சப்ளிமெண்டரிதான். மொத்தக் கோர்ஸையும் 4 வருஷத்துக்குள்ள முடிக்கணும்னும் விதி இருக்கு. உன் பழைய இன்சார்ஜ் அம்மாவுக்கு ஆள் பஞ்சம் எப்பவும் இருக்கும், உன் நாலு வருஷம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். பல்கலைக்கழகத்தோட இப்போதைய ரெகுலேஷனை ஆபீஸ்ல கேட்டு வாங்கி நீயே ஒரு தடவை படிச்சுடு. காரிடார்ல நின்னு சொல்றவங்க பேச்சை நம்பாதே. நான் உட்பட.

ஒன்பது நாள் விஷயம்: 80 சதவீதம் பரீட்சை எழுதறதுக்குத்தான். டிகிரி கையில வாங்கணும்னா பிராக்டிகல் 100 சதவீதம் வேணும். அதனால அந்த ஒன்பது நாளையும் போஸ்டிங் போய் ஈடு கட்டித்தான் ஆகணும். இப்போ லீவுலயே முடிச்சு, லாக் புக்ல கையெழுத்தும் வாங்கிடு. கடைசி மாசத்துல தீசிஸ் பைண்டிங்கும் விட்ட போஸ்டிங்குமா அழுத பொண்ணுங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்.

இப்போ அந்த 27. கவுன்சில் திட்டத்துல எழுத்து 75-ல ரிசர்ச்சுக்கு 50, ஸ்டாடிஸ்டிக்ஸுக்கு 25. நீ 27 வாங்கியிருக்கேன்னா கணக்குப் பக்கத்தைத் தொடாமலே வந்திருக்கே. சரிதானா? உனக்குத் தேவை இன்னும் ஆறு மார்க். ராத்திரி மூணு மணிக்கு 60 கிலோ ஆளுக்கு டோபமின் கிலோவுக்கு நிமிஷத்துக்கு 5 மைக்ரோகிராம், 50 மில்லியில 400 மில்லிகிராம்னா மணிக்கு 2.25 மில்லின்னு நீ மனக்கணக்குல பம்பை வைக்கிறவ. ஸ்டாண்டர்டு டீவியேஷன் அதைவிடக் கஷ்டமில்ல. அஞ்சு பேரோட வலி ஸ்கோர் 2, 4, 4, 6, 9-ன்னு வச்சுக்கோ. சராசரி 5. ஒவ்வொண்ணும் 5-ல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு எடுத்து, வர்க்கம் போட்டு, கூட்டு. அதை 4-ஆல வகுத்து வர்க்கமூலம் எடு. என்ன வருதுன்னு இங்கேயே எழுது. அதுக்கு அப்புறம் டி டெஸ்ட் (ரெண்டு சராசரியை ஒப்பிடறது), கை ஸ்கொயர் (எண்ணிக்கைகளை ஒப்பிடறது). இந்த மூணையும் கையால பத்துப் பத்து தடவை போட்டா ஆறு மார்க் வரும்.

தலைப்பைப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. நான் திருத்தின தீசிஸ்ல பாதிக்கு மேல இதே அச்சு: டீச்சிங் புரோகிராம், 60 பேர், முன்தேர்வு, பின்தேர்வு, நடுவுல வீடன்பாக்னு ஒரு அம்மாவோட நர்சிங் தியரியை ஒரு படமா வரைஞ்சு ஒட்டிடறது. பாடம் நடத்தினதுக்கு அப்புறம் அறிவு கூடியிருக்கும், கூடாம என்ன செய்யும்? பின்னாடி அந்த 60 பேரை வயசு, படிப்பு, வருமானம்னு நாலு நாலா உடைச்சு கை ஸ்கொயர் போடுவாங்க. பாதிக் கட்டத்துல எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் கீழே இருக்கும். அந்த டெஸ்ட்டே அங்க செல்லாது. யாரும் கண்டுக்கிறதில்ல.

உன் ட்யூப் விஷயம் நல்லா இருக்கு. ஆனா உன் கைடை எதிர்த்துக்கிட்டு நிக்காதே, அவங்க சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்கு. டேட்டா எடுக்க உனக்குக் கிடைக்கிறது நாலு வாரம், ஆறு வாரம். உங்க ஐசியூல அத்தனை நாள் ட்யூபோட இருக்கிறவங்க எத்தனை பேர்? அவங்களால பேச முடியாது, சொந்தக்காரங்க கிட்ட சம்மதம் வாங்கணும். எதிக்ஸ் கமிட்டி பாஸ் பண்ணணும். ட்யூபை நீ ஒரு முறைப்படி மாத்தி ஒப்பிட்டுப் பார்த்தா அது இன்டர்வென்ஷன், முதல் நோயாளியைச் சேர்க்கிறதுக்கு முன்னாடியே சிடிஆர்ஐ-ல (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு பண்ணணும். பின்னாடி போனா பதிய மாட்டாங்க. புரோபோசல் முதல் வருஷம் ஒன்பதாம் மாசக் கடைசிக்குள்ள கொடுத்திருக்க வேண்டியது, உனக்கு ஏற்கெனவே தாமதம். போன மாச ரெஜிஸ்டரை எடுத்து, 72 மணி நேரத்துக்கு மேல ட்யூபோட இருந்தவங்களை எண்ணிப் பார்த்துட்டு வா. அப்புறம் பேசலாம்.

மதுரை_பிரதர்

மேடம், வீடன்பாக் படம் என் தீசிஸ்லயும் இருக்கு. தலையைக் குனிஞ்சுக்கிறேன்.

ஐசியூ_நாகர்கோவில்

மேடம், 2.65. ரெண்டு தடவை தப்பு பண்ணினேன். முதல்ல 5-ஆல வகுத்துட்டேன், அப்புறம் வர்க்கம் போடாமலே கூட்டி ஜீரோ வந்து முழிச்சேன். பையன் பக்கத்துல உட்கார்ந்து, "அம்மா, உனக்கும் ஹோம்வொர்க்கா"ன்னான். நீங்க சொன்னது சரி, கணக்குப் பக்கத்துல ஒரு டேபிள் மட்டும் வரைஞ்சுட்டு வந்தேன்.

ஆபீஸ்ல ரெகுலேஷன் வாங்கிப் படிச்சேன், நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கு. சப்ளிமெண்டரிக்கு ஃபீஸ் கட்டியாச்சு. திங்கள்கிழமையில இருந்து அந்த ஒன்பது நாள் போஸ்டிங். இன்சார்ஜ் சிஸ்டருக்கு, "இப்போ இல்ல சிஸ்டர்"னு மெசேஜ் போட்டேன், அவங்க இன்னும் பதில் போடல.

ரெஜிஸ்டர் எண்ணினேன். போன மாசம் 72 மணி நேரத்துக்கு மேல 11 பேர். அதுல நாலு பேருக்கு உதட்டோரப் புண், சார்ட்ல ஒரே ஒருத்தருக்குத்தான் எழுதியிருக்கு. மிச்ச மூணும் நான் பார்த்ததால எனக்குத் தெரியும். 60 பேர் கனவுலயும் கிடைக்க மாட்டாங்க. அதனால ட்யூபை மாத்துற ஆராய்ச்சியை விட்டுட்டு, அந்தப் புண்ணை நர்ஸுங்க கண்டுபிடிச்சு எழுதறாங்களா இல்லையான்னு மட்டும் பார்த்தா? நர்ஸுங்க 40 பேர் இருக்காங்க, எல்லாரும் பேசக்கூடியவங்க. கைடு மேடம்கிட்ட நாளைக்குக் கேட்கிறேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.

பழைய_டியூட்டர்

கேளு. அந்த மூணு சார்ட்டையும் பேர் மறைச்சு, குறிப்பு எடுத்துக்கிட்டுப் போ.