ஏஜெண்ட் பெயரை அழித்தோம், பில்களும் போய்விட்டன: உங்கள் ஃபாரின் கீ அனுபவங்களையும் எழுதுங்கள்

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. ஃபாரின் கீ என்றால் ஒரு டேபிளின் ரெக்கார்ட் இன்னொரு டேபிளின் ரெக்கார்டைச் சுட்டும் இணைப்பு. இன்றும் மாடலில் (டேபிளின் அமைப்பைச் சொல்லும் கோடில்) அதை எழுதும்போது என் கை ஒரு நொடி நிற்கும். நடந்ததை முழுதாக எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே சேருங்கள், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்கான பில்லிங் மென்பொருள். முன்னால் ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்), பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஜாங்கோ 1.8 காலத்தில் வேறு யாரோ எழுதிய கோடு, என் கைக்கு வந்தது. அந்தப் பதிப்பில் ஃபாரின் கீ எழுதும்போது, எதிர்முனை ரெக்கார்டை அழித்தால் என்ன ஆக வேண்டும் என்று சொல்லாமலே விடலாம். சொல்லாவிட்டால் கேஸ்கேட்: சுட்டப்படும் தாய் ரெக்கார்ட் போனால் அதைச் சுட்டும் பிள்ளைகளும் சேர்ந்து போகும். 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0, ஆன்_டெலீட் (அழித்தால் என்ன ஆக வேண்டும்) என்பதைக் கட்டாயமாக்கியது. எழுதாவிட்டால் புரோகிராம் ஓடவே ஓடாது.

நாங்கள் 2.0-க்கு மாறிய நாளில் அறுபதுக்கு மேற்பட்ட இடங்களில் அந்தப் பிழை வந்தது. ஒவ்வொரு உறவுக்கும் ஒரு முடிவு எடுங்கள் என்று கேட்பதற்காகத்தான் அதைக் கட்டாயமாக்கினார்கள். நான் முடிவு எடுக்கவில்லை. ஃபைண்ட் ரிப்ளேஸ் போட்டு எல்லா இடத்திலும் கேஸ்கேட் என்று நிரப்பினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். பத்து நிமிட வேலை.

பில் டேபிளில் ஏஜெண்டுக்கு ஒரு ஃபாரின் கீ உண்டு. ஏழெட்டு மாதம் கழித்து, கடையின் கணக்கர் ஒரே ஏஜெண்டின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தார். ஒன்றை அட்மின் பக்கத்தில் போய் அழித்தார். அழிப்பதற்கு முன், இதோடு சேர்ந்து என்னென்ன அழியும் என்று ஜாங்கோ அட்மின் ஒரு பக்கம் காட்டும். அவருக்கும் காட்டியது. நீளமான ஆங்கிலப் பட்டியல். மேலே இருந்த ஏஜெண்ட் பெயர் சரியாக இருந்ததால், கடைசி வரை உருட்டிப் போய் உறுதி பட்டனை அழுத்தினார். அவர்மேல் ஒரு தவறும் இல்லை. அந்த வழியைத் திறந்து வைத்தது நான்.

அன்று மாலை வசூல் பட்டியல் எடுத்தபோது பாக்கித் தொகை லட்சக்கணக்கில் குறைந்திருந்தது. ஏஜெண்ட் போனதும் பில் போனது. பில் போனதும் அதில் இருந்த சரக்கு வரிசைகள் போயின, அதற்கு வந்த ரசீதுகளும் போயின. முந்தைய இரவின் பேக்கப்பைத் தனி டேட்டாபேஸில் ஏற்றி, காணாமல் போன ரெக்கார்டுகளை மட்டும் எடுத்துத் திரும்பச் சேர்த்தோம். ஆனால் அன்று காலை முதல் போட்ட 23 பில்கள் எந்தப் பேக்கப்பிலும் இல்லை. கணக்கரும் நானும் டூப்ளிகேட் பில் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிங்க் நிறத் தாளில் கார்பன் மங்கியிருந்தது. ஒரு பில்லில் 17 மீட்டரா 11 மீட்டரா என்று தெரியவில்லை. தொகையை விலையால் வகுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். முடிக்கும்போது இரவு பதினொன்றே முக்கால்.

அப்புறம் ஒரு விஷயம், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. எங்களிடம் இருந்த ஜாங்கோவில் அந்த கேஸ்கேடைச் செய்வது டேட்டாபேஸ் இல்லை. ஜாங்கோவே பிள்ளை ரெக்கார்டுகளைத் தேடிப் பிடித்து, ஒழுங்காக வரிசைப்படுத்தி, டேபிள் டேபிளாக அழிக்கிறது. மறுநாள் போஸ்ட்கிரெஸுக்குள் போய் டேபிளின் அமைப்பைப் பார்த்தேன். அந்த ஃபாரின் கீயில் அழிக்கும்போது கேஸ்கேட் செய் என்ற சொல்லே இல்லை. கமிட் (மாற்றங்களை உறுதி செய்யும் கட்டம்) வரை சோதனையைத் தள்ளி வை என்று மட்டும் இருந்தது. அதே ஏஜெண்டை யாராவது நேரடி எஸ்க்யூஎல்லில் அழிக்கப் பார்த்திருந்தால் போஸ்ட்கிரெஸ் மறுத்திருக்கும். காவல் அங்கே இருந்தது. ஓஆர்எம் (கோடுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நிற்கும் பகுதி) அந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்து கொடுத்தது, என் அனுமதியோடு.

இப்போது ஏஜெண்ட், வாடிக்கையாளர், வரி விகிதம் எல்லாம் ப்ரொடெக்ட்: பிள்ளை இருக்கும்வரை தாயை அழிக்க விடாது. பில்லில் உள்ள சரக்கு வரிசைக்கு மட்டும் கேஸ்கேட், ஏனென்றால் பில் இல்லாமல் அந்த வரிசைக்கு அர்த்தம் இல்லை. பழைய ஏஜெண்டை மறைக்க வேண்டுமா, அதற்குத் தனியாக ஒரு ஃபீல்டு வைத்திருக்கிறோம். யாரும் யாரையும் அழிப்பதில்லை.

•

மறுமொழி 1

ஜாவா பக்கத்திலிருந்து ஒன்று. உங்களுடையதில் தாயை அழித்ததால் பிள்ளை போனது. எங்களுடையதில் தலைகீழாகப் பிள்ளையை அழித்ததால் தாய் போனது.

பயிற்சி வகுப்புகளுக்கான பதிவு அமைப்பு, ஜாவாவின் ஓஆர்எம்மான ஹைபர்நேட்டில். ஒரு மாணவரின் பதிவு, ஒரு வகுப்பைச் சுட்டும். புதிய வகுப்பையும் பதிவையும் ஒரே நேரத்தில் சேமிக்க முயன்றபோது, இன்னும் சேமிக்காத ஆப்ஜெக்டைச் சுட்டுகிறாய் என்ற அந்தப் பிரசித்தமான பிழை வந்தது. அதைத் தீர்க்க எங்கள் குழுவில் ஒருவர் பதிவின் மேனிடூஒன் (பல பதிவுகள், ஒரே வகுப்பு) உறவில் கேஸ்கேட் டைப் ஆல் என்று போட்டார். பிழை மறைந்தது. ஆல் என்றால் சேமிப்பது மட்டும் இல்லை, அழிப்பதும் அதில் அடக்கம். யாருக்கும் அது உறைக்கவில்லை.

ஒரு மாணவர் தன் பதிவை ரத்து செய்தால் ஹைபர்நேட் பதிவையும் அழிக்கும், அது சுட்டும் வகுப்பையும் அழிக்கப் பார்க்கும். இருபது பேர் சேர்ந்த வகுப்பு என்றால் மற்ற பத்தொன்பது பேரின் ஃபாரின் கீ அதைத் தடுத்தது. ரத்து பட்டனை அழுத்தியவருக்குப் பிழை வந்தது, 23503 (ஃபாரின் கீ மீறல்) என்ற எண்ணோடு லாக்கில் நிறைந்தது. ரத்து வேலை செய்யவில்லை என்று அதைச் சாதாரண புகாராக எடுத்து வரிசையில் போட்டு வைத்திருந்தோம். அந்த வாரத்தில் ஒரே ஒரு மாணவர் சேர்ந்திருந்த வகுப்பு ஒன்று வந்தது. அவர் ரத்து செய்தார். தடுக்க வேறு யாரும் இல்லை. வகுப்பே பட்டியலிலிருந்து போய்விட்டது, அதை நடத்த வேண்டிய ஆசிரியர் போன் செய்த பிறகுதான் தெரிந்தது.

நான் அதிலிருந்து இரண்டு வழக்கம் வைத்திருக்கிறேன். மேனிடூஒன் பக்கத்தில் அழிப்பைக் கடத்தும் எதையும் போடுவதில்லை, சேமிப்பு மட்டும் வேண்டுமென்றால் பெர்சிஸ்ட் என்று தனியாகப் போடுகிறேன். 23503 லாக்கில் வந்தால் அன்றே பார்க்கிறேன்.

•

மறுமொழி 2

எங்களுக்கு நடந்தது சின்னது. பைத்தானில் ஃபிளாஸ்க், எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற ஓஆர்எம். டெஸ்ட் ஓடுவது எஸ்க்யூலைட் டேட்டாபேஸில், உண்மையான சர்வரில் மைஎஸ்க்யூஎல். ஊழியர் பட்டியலை இறக்குமதி செய்யும் ஸ்கிரிப்டில், கிளை இல்லாதவர்களுக்குக் கிளை எண் 0 என்று போட்டிருந்தேன். டெஸ்ட் எல்லாம் பச்சை. சர்வரில் முதல் ஃபைலிலேயே பிழை 1452, பிள்ளை வரிசையைச் சேர்க்க முடியாது. 0 என்று ஒரு கிளை இருந்தால்தானே.

எஸ்க்யூலைட்டில் ஃபாரின் கீயை அமல்படுத்தும் வசதி 2009-இலேயே, 3.6.19 பதிப்பில் வந்துவிட்டது. ஆனால் பழைய புரோகிராம்கள் உடையக் கூடாது என்பதற்காக இயல்பாக அது அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் ப்ராக்மா என்ற கட்டளையால் நாமே இயக்கிவிட வேண்டும். ஜாங்கோ 2.0-இலிருந்து அதைத் தானே செய்கிறது, எஸ்க்யூஎல்ஆல்கெமியில் இணைப்பு திறக்கும் நிகழ்வில் நாம் எழுத வேண்டும். எழுதிவிட்டு டெஸ்ட்டை மறுபடி ஓட்டினேன், பதினான்கு டெஸ்ட்கள் சிவப்பு. அவ்வளவு நாள் அவை எதையும் சோதிக்கவில்லை. கிளை இல்லை என்றால் இப்போது நல் (மதிப்பே இல்லை என்ற குறி) தான் போடுகிறோம்.

•

மறுமொழி 3

வணக்கம். நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. எங்கள் லீட் ஃபாரின் கீயே போடக் கூடாது என்கிறார். ஸ்பீடு குறையும், எல்லாம் கோடில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ். மேலே உள்ளதைப் படித்ததும் குழப்பமாக இருக்கிறது. அவர் சொல்வது சரியா அண்ணா?

•

மறுமொழி 4 (பதிவைத் தொடங்கியவர்)

தம்பி, உங்கள் லீட் சொல்வதில் ஒரு பாதி உண்மை. ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் தாய் இருக்கிறதா என்று டேட்டாபேஸ் பார்க்கத்தான் செய்யும், அதற்கு ஒரு விலை உண்டு. ஒரே டேட்டாவைப் பல சர்வர்களில் துண்டு போட்டு வைக்கிறவர்கள் ஃபாரின் கீயை விடுவதற்கும் காரணம் இருக்கிறது, தாய் ஒரு சர்வரிலும் பிள்ளை இன்னொன்றிலும் இருந்தால் அதைக் காக்க முடியாது. உங்களுடையது ஒரே போஸ்ட்கிரெஸ் என்றால் அந்தக் காரணம் உங்களுக்கு இல்லை.

கோடில் பார்த்துக்கொள்ளலாம் என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எந்தக் கோடில்? உங்கள் ஸ்பிரிங் பூட் மட்டுமா அந்த டேட்டாபேஸைத் தொடுகிறது? இரவில் ஓடும் பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கும், சப்போர்ட் குழுவில் ஒருவர் நேரடியாக உள்ளே போய் அப்டேட் போடுவார், நாளை இன்னொரு சர்வீஸ் வரும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வேலை செய்யும்போது, வாடிக்கையாளர் இருக்கிறார் என்று உங்கள் கோடு பார்த்த பிறகு, ஆர்டரைச் சேமிப்பதற்குள் இன்னொருவர் அவரை அழித்துவிடலாம். அந்த இடைவெளியை டேட்டாபேஸால்தான் ஒழுங்காக மூட முடியும். ஐபிஎம்-இல் இருந்த காட் 1970-இல் உறவுமுறை டேட்டாபேஸ் பற்றி எழுதிய கட்டுரையிலேயே ஃபாரின் கீ இருக்கிறது. ஹைபர்நேட் வந்தது 2001-இல். ஓஆர்எம் வந்து அதன் வேலையைப் பறித்துக்கொள்ளவில்லை.

ஒன்று செய்யுங்கள். பிள்ளை டேபிளைத் தாய் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் (பிள்ளை வரிசைகள் எல்லாவற்றையும் வைத்து, தாய் இருந்தால் பக்கத்தில் சேர்ப்பது) செய்து, பிள்ளையில் எண் இருந்தும் தாய்ப் பக்கம் நல் என்று வரும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். பூஜ்யம் வந்தால் உங்கள் லீட் சொல்வது இதுவரை நடந்திருக்கிறது.

•

மறுமொழி 5

ஸ்பீடு பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ஃபாரின் கீயால் மெதுவாகிறது என்று எங்களிடமும் ஒரு புகார் இருந்தது. காரணம் வேறு.

பழைய ஆர்டர்களை இரவில் நீக்கும் வேலை, போஸ்ட்கிரெஸ். ஐயாயிரம் ஆர்டரை நீக்க ஆரம்பித்தால் விடிந்தும் முடியாது. ஒரு டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கி, நூறு ஆர்டருக்கு மட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் (எதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டுவது) போட்டு டெலீட்டை ஓட்டி, ரோல்பேக் செய்து பழையபடி ஆக்கினேன். டெலீட்டுக்கு ஆன நேரம் சில மில்லிசெகண்ட். கடைசியில் ஃபாரின் கீ டிரிகர் (தானாக ஓடும் சோதனை) என்று ஒரு வரி இருந்தது: நூறு அழைப்பு, மிச்ச நேரம் முழுக்க அதில். ஒவ்வொரு ஆர்டரை அழிக்கும்போதும், அதைச் சுட்டும் பிள்ளை உண்டா என்று இரண்டு கோடி வரிசை உள்ள டேபிளை முதலிலிருந்து கடைசி வரை படித்திருக்கிறது. பிள்ளைப் பக்க ஃபீல்டில் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இல்லை.

போஸ்ட்கிரெஸ் அந்த இண்டெக்ஸைத் தானாகப் போடாது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி போடும். ஜாங்கோவும் தானே போட்டுவிடும், ஹைபர்நேட் போடாது. பலருக்குக் குழப்பம் இங்கேதான், ஒரு இடத்தில் பழகிய கை இன்னொரு இடத்தில் அது இருக்கும் என்று நம்பிவிடுகிறது. டேபிளைப் பூட்டாத கன்கரண்ட்லி முறையில் இண்டெக்ஸ் போட்டோம். அன்றிரவு வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது.

•

மறுமொழி 6

பிஎச்பி-யில் லாராவெல் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சேதி. பழைய ப்ராஜெக்டில் யூசர்ஸ் டேபிளின் ஐடி சாதாரண இன்ட். 2019-இல் வந்த லாராவெல் 5.8-இலிருந்து புதிய டேபிள்களுக்கு பிக்இன்ட் (இன்னும் பெரிய எண் வகை) தான் வழக்கம். பிக்இன்ட் ஃபீல்டை இன்ட் ஐடிக்கு ஃபாரின் கீயாக்க முடியாது. எங்களிடம் இருந்த மைஎஸ்க்யூஎல் 5.7-இல், சேர்க்க முடியவில்லை, 1215 என்று மட்டும் வந்தது, காரணம் சொல்லவில்லை. கூட வேலை செய்தவர் ஃபாரின் கீ வரியையே எடுத்துவிட்டு மைக்ரேஷனை (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்டை) ஓட்டிவிட்டார். இன்னோடிபி ஸ்டேட்டஸைக் காட்டச் சொன்னால் கடைசி ஃபாரின் கீ பிழைக்கான காரணம் அங்கே எழுதியிருக்கும், அதைப் பார்த்திருந்தால் போதும். மைஎஸ்க்யூஎல் 8-இல் எந்த இரண்டு ஃபீல்டு பொருந்தவில்லை என்று பிழையிலேயே வந்துவிடுகிறது.

•

மறுமொழி 7 (மறுமொழி 3 எழுதியவர்)

அண்ணா, நீங்கள் சொன்ன குவரியை ஓட்டினேன். 412 வந்தது. எல்லாம் பேமெண்ட் டேபிளில், அவற்றின் ஆர்டர் எதுவும் இல்லை. லீட்டிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் ஃபாரின் கீ போட்டுவிடு என்றார். ஆனால் இந்த 412 இருப்பதால் போஸ்ட்கிரெஸ் சேர்க்க விடவில்லை. இவற்றை அழித்துவிடலாமா?

•

மறுமொழி 8 (பதிவைத் தொடங்கியவர்)

அழிக்க வேண்டாம். பேமெண்ட் என்றால் யாரோ கட்டிய பணம் அது. ஃபாரின் கீயை நாட் வேலிட் என்று சேர்த்துக் கொடுங்கள், போஸ்ட்கிரெஸ் பழையதை இப்போதைக்குச் சோதிக்காது, இனி வரும் ஒவ்வொரு வரிசையையும் சோதிக்கும். புதிய ஓட்டை இன்றே அடைபடும்.

சரி, அந்த 412-ஐத் தனி டேபிளில் நகல் எடுத்து, தேதி, தொகையோடு அக்கவுண்ட்ஸ் குழுவுக்குக் கொடுங்கள். தேதி வாரியாக ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். ஒரே நாளில் குவிந்திருந்தால் அன்று ஏதோ ஸ்கிரிப்ட் ஓடியிருக்கிறது, ஆர்டர்களைப் பழைய பேக்கப்பில் தேடலாம். மாதம் முழுக்கச் சிதறியிருந்தால் கோடில் எங்கோ இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, நாட் வேலிட் போட்டதும் 23503 லாக்கில் வர ஆரம்பிக்கும். எல்லாவற்றுக்கும் கணக்கு கிடைத்த பிறகு, பழைய வரிசைகளையும் சோதிக்கும் வேலிடேட் கட்டளையை ஓட்டுங்கள். தேதிகள் எப்படி வந்தன என்று இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.