ஆர்எக்ஸ்100 கிராங்க்: கான்ராட் கிட் போட்டால் போதுமா, முழு செட் மாற்றணுமா?

வைகைக்கரை
வணக்கம். 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ்100 பைக், டூ ஸ்ட்ரோக். அடி எஞ்சினிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறது. மூன்றாவது கியரில் ஏற்றம் ஏறும்போது கூடுகிறது, ஆக்ஸிலேட்டரை விட்டால் அடங்குகிறது. வண்டி நன்றாகச் சூடானாலும் குறையவில்லை. ஃபுட்ரெஸ்ட்டிலும் நடுக்கம் தெரிகிறது. சிலிண்டர் 0.50 மி.மீ. போர் பண்ணியது (துளையைப் பெரிதாக்கியது). பிஸ்டன், ரிங் இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன.

மெக்கானிக் முழு கிராங்கையும் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) மாற்றச் சொல்கிறார். லேத்காரர் கான்ராட் கிட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடும் அதன் உதிரிகளும்) போட்டு பிரஸ் பண்ணினால் போதும் என்கிறார். ஹெட்டும் சிலிண்டரும் கழற்றியாயிற்று, கேஸ் (கிராங்க் இருக்கும் அடிக்கூடு) இன்னும் பிரிக்கவில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பட்டறைமேசை
தம்பி, சத்தத்தை மட்டும் வச்சு கிராங்குக்குத் தீர்ப்பு சொல்லாதீங்க. பிஸ்டன் ஆட்டம்னா காலையில ஸ்டார்ட் பண்ணதும் சளசளன்னு அடிக்கும், சூடானா குறையும். ஸ்மால் எண்ட் (ராடோட பிஸ்டன் பக்க முனை) பேரிங் போனா மெல்லிசா, கூர்மையா கிணிகிணின்னு வரும். கிராங்கைத் தாங்குற மெயின் பேரிங் போனா தட்டாது, இரையும். நீங்க சொல்றது பிக் எண்ட் (ராடோட கிராங்க் பக்க முனை) மாதிரிதான் இருக்கு. இருந்தாலும் கையால பார்த்துடுங்க, கேஸைப் பிரிக்காமலே பார்க்கலாம்.

மொதல்ல கேஸ் வாயைச் சுத்தி சுத்தமான துணியை அடைச்சுக்கோங்க. உள்ள ஒண்ணும் விழக் கூடாது. பிக் எண்டுல கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி ஆயிலைக் கழுவி விடுங்க, ஏன்னா ஆயில் ஆட்டத்தை மறைச்சிடும். ராடை உச்சிக்குக் கொண்டு வந்து நிறுத்துங்க. மேக்னெட்டை (கிராங்க் முனையில இருக்கிற காந்தச் சக்கரம்) ஒருத்தர் அசையாம பிடிச்சுக்கணும். ராடை நேரா மேல இழுத்து, கீழ அமுக்குங்க. விரலுக்கு 'டிக்'னு ஒரு துளி தட்டுப்பட்டாலும் அந்த ராட் முடிஞ்சது.

இடம் வலமா ராட் நகர்றதைப் பார்த்துப் பயப்படாதீங்க. அந்த இடைவெளி வேணும்னே விட்டது. பயந்துபோய் நல்ல கிராங்கைப் பிரிச்சவங்க நிறைய. அப்படியே மேக்னெட்டையும் மேல கீழ ஆட்டிப் பாருங்க. அது ஆடினா மெயின் பேரிங்கும் கணக்குல சேரும்.

டயல்கேஜ்
மேலே சொன்னதோடு அளவையும் எடுத்துவிடுங்கள். ராடின் மேல் முனையைப் பக்கவாட்டில் ஆட்டி மொத்த அசைவைப் பாருங்கள். இந்த வகைச் சின்ன டூ ஸ்ட்ரோக்குகளில் 0.8 முதல் 1.0 மி.மீ. வரை சாதாரணம், 2.0-ஐத் தாண்டினால் கிட் மாற்ற வேண்டும். பிக் எண்டுக்கும் கிராங்க் வெயிட்டுக்கும் (ராடின் இரு பக்கமும் உள்ள கனமான வட்டு) நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் 0.2 முதல் 0.7 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு விடை ராடில் இல்லை. ராட், கிராங்க் பின், ஊசி பேரிங், இரண்டு வாஷர் ஆகிய எல்லாமே கிட்டில் புதிதாக வந்துவிடும். பழையதாகவே மிஞ்சுவது இரண்டு வெயிட்டும் அவற்றின் தண்டும்தான். அவை நன்றாக இருந்தால் கிட் போதும், இல்லையென்றால் எவ்வளவு நல்ல கிட் போட்டும் பயனில்லை. ஆகவே கேஸைப் பிரித்த பிறகு மூன்று இடங்களைப் பாருங்கள்:

பின் உட்காரும் துளை. பழைய பின் பிரஸ்ஸில் முக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். லேசாகத் தள்ளியதும் வந்தாலோ, துளைக்குள் சுற்றுவட்டமாகக் கோடுகள் தெரிந்தாலோ அந்த வெயிட் புதுப் பின்னைப் பிடிக்காது. ஓட ஓட இரண்டு வெயிட்டும் ஒன்றுக்கொன்று திரும்பிக்கொள்ளும்.

மெயின் பேரிங் உட்காரும் தண்டு. பேரிங்கின் உள்வளையம் தண்டில் வழுக்கிச் சுற்றியிருந்தால் அந்த இடம் கண்ணாடிபோல மினுங்கும். மைக்ரோமீட்டரில் அளந்து, பேரிங் துளையைவிடச் சிறிதாக இருந்தால் அந்தத் தண்டை அப்படியே போட முடியாது.

மேக்னெட் உட்காரும் டேப்பரும் (தண்டின் கூம்பு முனை) கீவேயும் (சாவித் துண்டு உட்காரும் பள்ளம்). கீவே வாய் அகன்றிருந்தால் டைமிங் (பிளக் பொறி விழும் நேரம்) நிற்காது.

மேக்னெட்டைப் புல்லர் போட்டே கழற்றுங்கள். தண்டு முனையில் சுத்தியலால் அடித்தால் அந்த நொடியே கிராங்க் கோணிவிடும். கேஸ் ஒட்டிக்கொண்டால் நடுவில் ஸ்க்ரூடிரைவர் சொருகி நெம்ப வேண்டாம். அந்த முகத்தில் விழும் ஒரு கீறல் போதும், காற்று உறிஞ்ச.

வைகைக்கரை
இருவருக்கும் நன்றி. பார்த்தாயிற்று. மேல்கீழ் ப்ளே விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறது. மேல் முனை அசைவு 2.4 மி.மீ., பக்க இடைவெளி 0.6. கேஸைப் பிரித்து கிராங்கை வி பிளாக்கில் (தண்டைத் தாங்கும் வி வடிவக் கட்டை) வைத்துச் சுற்றி டயல் கேஜ் போட்டதில் கோணல் மேக்னெட் பக்கம் 0.08 மி.மீ., கிளட்ச் பக்கம் 0.03.

லேத்தில் பின்னைத் தள்ளும்போது நன்றாக முக்கித்தான் வந்தது. பின்னின் ஒரு பக்கத்தில் மட்டும் தோல் உரிந்ததுபோல் சின்னச் சின்னக் குழிகள், நகத்தை வைத்தால் மாட்டுகிறது. அந்த இடம் லேசாகப் பழுப்பேறியிருக்கிறது. டேப்பரும் கீவேயும் சுத்தம். மேக்னெட் பக்கத் தண்டில் பேரிங் இருந்த இடத்தில் மெல்லிய மினுக்கம் இருந்தது, ஆனால் மைக்ரோமீட்டரில் பேரிங் துளையைவிட 0.005 மி.மீ. பெரிதாகவே காட்டுகிறது. 0.08 கோணல் இருக்கிறதே, இதற்கும் கிட் போதுமா?

டயல்கேஜ்
போதும். துளை பிடிக்கிறது, தண்டு அளவில் இருக்கிறது, டேப்பர் சுத்தம். இந்த வெயிட்டுகளைக் கைவிடக் காரணமே இல்லை. 0.08 என்பது தேய்மானம் அல்ல, இரண்டு வெயிட்டும் நேர்கோட்டில் இல்லை என்பதன் அளவு. பிரஸ் பண்ணியதும் எப்படியும் புதிதாக நேராக்கத்தான் போகிறார்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் டயல் முள்ளின் மொத்த ஆட்டம் 0.03-க்குள் வர வேண்டும். பொறுமையாகச் செய்பவர் 0.02-க்குக் கொண்டு வந்துவிடுவார். அதைக் கண்ணெதிரே டயலில் காட்டச் சொல்லி வாங்குங்கள். டயல் இல்லாமல் ஸ்கேலை வைத்துப் பார்க்கும் இடத்தில் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் கிட்டின் பிராண்டைவிட இதுதான் முக்கியம்.

பின்னில் ஒரு பக்கம் மட்டும் உரிந்திருப்பது எரிப்பழுத்தம் விழும் பக்கம். ஓட்டத்தில் வந்த களைப்பு அது. பழுப்பு நிறம் ஆயில் குறைந்து சூடேறியதைக் காட்டுகிறது. ஆட்டோலூப் பம்ப்பை (எஞ்சினுக்குத் தானாக ஆயில் தரும் பம்ப்) பார்க்காமல் புதுக் கிட்டைப் போட்டால் அதுவும் இதே வழியில் போகும். இதன் ஸ்ட்ரோக் 50 மி.மீ.; 7,500 ஆர்பிஎம்மில் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 12.5 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஊசி பேரிங்குக்குக் கிடைப்பது பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில் மட்டும்தான்.

புது செட் வாங்கினாலும் அதையும் வி பிளாக்கில் வைத்துப் பார்த்துத்தான் போட வேண்டும், பெட்டியில் வந்தது நேராகத்தான் இருக்கும் என்று நம்ப முடியாது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிராங்க் எடுத்தாலும் அப்படியே. ஆர்எக்ஸ்135-க்கும் ஸ்ட்ரோக் 50 தானே என்று அந்தக் கிராங்கை யாராவது சொன்னால் வேண்டாம். அதன் போர் 58, பிஸ்டன் கனம் வேறு. அதற்கேற்ற சமன் எடை உங்கள் பிஸ்டனுக்குப் பொருந்தாது, நடுக்கம் கூடும்.

பட்டறைமேசை
பிரஸ் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு வெயிட்டுக்கும் குறுக்கே ஒரு நேர்கோடு கீறி வைக்கச் சொல்லுங்க, மொத்த அகலத்தையும் வெர்னியர்ல எடுத்து எழுதி வைங்க. பின்னைப் புதுசா இறக்கும்போது அதே அகலம் வரணும். அதிகமா அமுக்கினா பக்க இடைவெளி போயிடும், வாஷர் சூடாகி நீலம் பாயும். நேராக்கும்போது தட்டுறது தாமிரச் சுத்தியலா இருக்கணும். பின் முனையில வெல்டிங் வச்சுத் தரேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. துளை நல்லா பிடிக்கிறப்போ அது தேவையே இல்லை, சூட்டுல நேரானது மறுபடி கோணிக்கும்.

இவ்வளவு தூரம் பிரிச்சாச்சு, ரெண்டு மெயின் பேரிங்கும் ரெண்டு ஆயில் சீலும் கண்டிப்பா புதுசு போடுங்க. பேரிங் சி3 கிளியரன்ஸ்தான் (உள் இடைவெளி கொஞ்சம் கூடுதலா இருக்கிற வகை) கேக்கணும், சாதா பேரிங் சூட்டுல இறுகிடும். கேஸை 100 டிகிரி வரைக்கும் ஒரே சீரா சூடாக்கினா பேரிங் தானா உள்ள விழும். கிராங்கை இழுத்து உட்கார வைக்கிற டூல்லதான் ஏத்தணும். அடிச்சு ஏத்தினா லேத்காரர் நேராக்கிக் கொடுத்த வேலை அத்தனையும் வீண்.

சீல்பார்வை
சீல் பற்றி ஒன்று. மேக்னெட் பக்க சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், கலவை மெலியும், ஐடிலிங் தானாக ஏறி நிற்கும், கடைசியில் பிஸ்டன் சீஸ் ஆகும் (சிலிண்டரில் இறுகி நின்றுவிடும்). கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும். இரண்டும் புதுக் கிட்டைக் கெடுக்கக்கூடியவை.

எஞ்சினைச் சேர்த்ததும், ஃபிரேமில் ஏற்றும் முன்பே கசிவு பாருங்கள். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் போட்டு அடைத்து, கைப்பம்பில் 6 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் சீலே பிதுங்கிவிடும். 5 நிமிடம் முள் இறங்காமல் நின்றால் சரி. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

முதல் டேங்க்கில் ஆட்டோலூப் இருந்தாலும் லிட்டருக்கு 20 மி.லி. 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்துவிடுங்கள். பம்ப்பின் பிளீட் ஸ்க்ரூவை (உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றும் திருகு) திறந்து, குமிழி இல்லாமல் ஆயில் வரும் வரை விட்டு மூடுங்கள். பம்ப்பிலிருந்து போகும் மெல்லிய டியூபிலும் காற்று நிற்கும். எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, அந்த டியூபில் ஒரு குமிழிகூடத் தெரியாத வரை வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள்.