இன்ஜின் மாற்றிய பிக்கப்பில் உங்களுக்கு நடந்தது என்ன?

பள்ளத்தூர் 206:

நாலு மாதமாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இன்றைக்குத்தான் எழுதுகிறேன். வண்டி டாடா மொபைல் 206. புதுவயல் மில்லுக்கு நெல் ஏற்ற அப்பா வாங்கியது. 1948 சிசி இன்ஜின் புகை கக்க ஆரம்பித்ததும் அதை இறக்கிவிட்டு, டாடா 407 லாரியின் 2956 சிசி இன்ஜினைப் பழைய சாமான் கடையில் பிடித்து ஏற்றினோம். கியர்பாக்ஸும் அதோடு வந்ததுதான். மவுண்ட் வெட்டி வெல்டிங் வைத்தது, ரேடியேட்டரை முன்னால் தள்ளியது, பிராப்பல்லர் ஷாஃப்டை லேத்தில் கொடுத்துக் குறைத்தது எல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை விட்டுவிடுகிறேன்.

சித்திரை மாதம். கண்மாய் வற்றிக் கிடந்தது. மடைப் பக்கம் மட்டும் இடுப்பளவுக்கு ஒரு குட்டை. உள்ளே இறங்கித் திரும்பக் கரைமேல் ஏற்றுவதுதான் எங்கள் விளையாட்டு. இரண்டு தடவை ஏறிவிட்டது. மூன்றாவது தடவை செகண்ட் கியரில் போனேன். பாதிக்கு மேல் ஏறியதும் இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டது. கிளட்ச்சை மிதித்தேன், பிரேக்கை மிதித்தேன். பிரேக் பெடல் கல் மாதிரி நின்றது. காலால் எவ்வளவு அழுத்தியும் இறங்கவில்லை. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது.

சித்தப்பா மகன், பதினாறு வயது, சக்கரத்துக்குக் கல் கொடுக்கப் பின்னால் நின்றான். கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். இரண்டு கையாலும் கல்லைத் தூக்கியபடி குனிந்திருந்தான். நான் பிரேக் பிடித்துவிடுவேன் என்று நம்பி நின்றான். எனக்கு வாயில் சத்தமே வரவில்லை. கடைசி நொடியில் அவனாகவே கல்லைப் போட்டுவிட்டுக் குட்டைக்குள் விழுந்தான். அவன் நின்ற இடத்தைத் தாண்டி வண்டி ஒரு கருவேல மரத்தில் மோதி நின்றது.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். டைனமோ பின்னால் இருக்கிற, காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப்பில் இருந்து, கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டருக்கு ஒரு ஹோஸ் போகும். நடுவில் ஒரு வழி வால்வு உண்டு. இன்ஜின் நின்றாலும் பூஸ்டரில் இருக்கிற வேக்கத்தை அதுதான் பிடித்துவைக்கும். அதனால்தான் வண்டி ஆஃப் ஆன பிறகும் இரண்டு மூன்று தடவை பெடல் சிரமமில்லாமல் இறங்கிப் பிரேக் பிடிக்கும். புது இன்ஜினில் பம்ப் இருந்த இடம் மாறிப்போனதால் நாங்கள் நீளமான ஹோஸ் போட்டோம். இன்ஜின் ஓடுகிறவரை பிரேக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. பழைய ஹோஸோடு சேர்த்து அந்த வால்வைக் குப்பையில் போட்டது நான்தான்.

விரல் நீளம்கூட இருக்காது அது. உங்கள் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தேவகோட்டை டீசல்:

அண்ணே, படித்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும்.

என்னுடையது பொலேரோ பிக்கப், நாலு சக்கரமும் இழுக்கிற 4x4. 2002-ல் வந்த முதல் ஸ்கார்ப்பியோவின் 2609 சிசி டர்போ இன்ஜினை அதில் வைத்தேன். பானெட்டுக்குள் டர்போவும் அதன் குழாய்களும் போனபிறகு இன்ஜினுக்குக் காற்று போகிற ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு இடம் இல்லை. பம்பருக்குப் பின்னால், கீழே, ஹெட்லைட்டுக்கும் கீழே வைத்துவிட்டோம். ரோட்டில் பிரமாதமாக ஓடியது.

ஐப்பசி மழையில் ஒரு ஓடையைத் தாண்டினேன். தண்ணீர் முட்டிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பழைய இன்ஜினோடு அதே ஓடையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். நடு ஓடையில் உள்ளே இருந்து ஒரே ஒரு சத்தம், சுத்தியலால் தண்டவாளத்தில் அடித்த மாதிரி. அப்புறம் ஒன்றுமே இல்லை. மழைச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும்தான். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் அசையவில்லை.

பிரித்துப் பார்த்தபோது மூன்றாவது கனெக்டிங் ராடு வளைந்திருந்தது. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் மேலே வரும்போது ராடுதான் வளையும். இப்போதும் மழை நாளில் தண்ணீரைப் பார்த்தாலே எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது.

சரளை ரோடு:

206 தம்பிக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். வால்வு மேல் மட்டும் பழி போடாதீர்கள். கிளட்ச்சை மிதித்ததுதான் முதல் தப்பு. ஏற்றத்தில் இன்ஜின் நின்றால் உடனே கிளட்ச்சைத் தொடக் கூடாது. கியரில் இருக்கிற இன்ஜினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் ஆட்கள் எல்லாரையும் பின்னால் இருந்து விலகச் சொல்லுங்கள். பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் பிடிப்பதை உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் கிளட்ச்சை மிதித்து மெதுவாக ரிவர்ஸுக்கு மாற்றுங்கள். கிளட்ச்சை முழுசாக விட்டுவிட்டு, இரண்டு பிரேக்கையும் மெதுவாக விட்டு, கியரில் வைத்தே சாவியைத் திருப்புங்கள். வண்டி தானாக மெதுவாகக் கீழே இறங்கும். நானும் ஒரு தடவை திருமயம் பக்கம் இப்படி உருண்டு வந்தவன்தான், கதவு போனதோடு முடிந்தது.

இரண்டாவது, எதற்கு இந்த 3 லிட்டர்? உங்கள் வண்டியில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். பழைய ஜீப்பில், இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸில் லோ கியர் 2.46 மடங்கு. அதே சின்ன இன்ஜினின் இழுவை சக்கரத்தில் இரண்டரை மடங்காகப் போய்ச் சேருகிறது. இன்ஜின் மாற்றி அதை எட்ட முடியுமா? மேலே பெரிய இன்ஜின், கீழே பழைய பின் அச்சு ஹவுசிங் என்றால் உள்ளே இருக்கிற கிரவுன்-பினியன் பல்சக்கரங்கள் எத்தனை நாள் தாங்கும்? செலவு செய்கிற பணத்துக்கு முதலில் 4x4 வண்டியாகப் பாருங்கள்.

மூன்றாவது டயர். மணலுக்கு 18, 20 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கலாம், ஆனால் டியூப் டயர் என்றால் அவ்வளவு இறக்காதீர்கள். ரிம்மில் டயர் நழுவினால் டியூபின் மவுத் கிழிந்துவிடும். நம் ஊர்க் கருவேல முள் பக்கச் சுவரில் ஏறினால் பஞ்சர் ஒட்டவும் முடியாது. ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்று நிரப்பிக்கொள்ளுங்கள்.

நான்காவது, இதை யாரும் பேசுவதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்சி புத்தகத்தில் உள்ளது மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியாகச் சொன்னது. இன்ஜின் நம்பர் ஆர்சியில் இருக்கிறது. அது ஒத்துப்போகாமல் ரோட்டில் ஒருவருக்கு அடிபட்டால் இன்சூரன்ஸை நம்பி நிற்க முடியாது. கண்மாய்க்குப் போகவும் ரோட்டில்தானே போகிறீர்கள்?

கண்டனூர் பேரன்:

சரளை ரோடு அண்ணே, நீங்கள் சொன்ன சட்டம் சரி. ஆனால் இழுவைக் கணக்கை மட்டும் வைத்து "எதற்கு" என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்ஜின் மாற்றுவது கண்மாய் ஏற மட்டும் இல்லை. ஒரு வண்டியை வீட்டைவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொள்ளவும்தான் மாற்றுகிறார்கள்.

எங்கள் ஐயாவுடையது மஹிந்திராவின் பழைய பெட்ரோல் ஜீப், 2.2 லிட்டர். பின்னால் பாடியை வெட்டித் தொட்டி கட்டி பிக்கப்பாக்கி வைத்திருந்தார். பெட்ரோல் கட்டுபடியாகாமல் அப்பா அதில் டெம்போ டிராக்ஸின் டீசல் இன்ஜினை ஏற்றினார். மெர்சிடிஸ் வழியில் வந்த 2.4 லிட்டர். அந்தக் காலத்தில் பாதி ஜீப்கள் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தன.

வண்டி திரும்பி வந்த அன்றைக்கு ஐயா முகப்பில் உட்கார்ந்திருந்தார். கண் பார்வை அதற்குள் மங்கிவிட்டது. வாசலில் அப்பா ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சத்தம் முகப்பில் ஏறி, வளவைச் சுற்றி, பின்கட்டு வரை போய்த் திரும்பியது. அப்பத்தா அடுப்படியில் இருந்து வெளியே வந்துவிட்டார். ஐயா கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம், "யாரு வந்திருக்கா, உள்ள கூப்பிடு" என்றார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து ஐயாவின் கையைப் பிடித்து, வண்டியின் பானெட்டில் வைத்தார். ஐயா தடவிப் பார்த்தார். முன் கிரில்லில் பழைய அடி ஒன்று உண்டு. அதைத் தொட்டதும்தான் தன் வண்டி என்று தெரிந்துகொண்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த விரல்கள் கிரில்லில் நின்ற இடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பெட்ரோல் இன்ஜின் எங்கே போனது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆயக்கட்டு வீடு:

கல்லல் பக்கத்தில் விவசாயக் குடும்பம் எங்களுடையது. வண்டி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இவ்வளவு எழுதிய யாரும் கரையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கண்மாய்க் கரையிலும் வெளியூர்ப் பிக்கப்கள் ஏற்றி இறக்கினார்கள். கரையின் மேல் விளிம்பில் இரண்டு டயர்த் தடம், முழங்கை ஆழத்துக்கு. வெயில் காலத்தில் யாரும் கவனிக்கவில்லை. கார்த்திகையில் கண்மாய் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் போய்க்கொண்டிருந்த இரவு, அந்தத் தடம் வழியாகவும் தண்ணீர் போக ஆரம்பித்தது. முதலில் ஒரு கை அகலம். அரை மணி நேரத்தில் ஒரு பாய் அகலம். மண் கரைந்து கரைந்து விழுவது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. ஊரே சாக்கில் மண் கட்டித் தூக்கியது. நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றேன். கீழே எங்கள் வயல், நெல் கதிர் வெளியே வருவதற்கு முன் பொதி கட்டும் பருவம். கரை நின்றது. நிற்காமல் போயிருந்தால் அந்த வருடச் சாப்பாடு போயிருக்கும்.

206 தம்பி, உங்கள் தம்பி பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம். நீங்கள் மூன்று தடவை ஏற்றிய கரையைப் போய்ப் பார்த்தீர்களா?

தேவகோட்டை டீசல்:

அக்கா, நான் கரையில் ஏற்றினதில்லை, ஓடைதான். ஆனாலும் நீங்கள் சொன்னதைப் படித்தபிறகு பழைய கலுங்கு ஒன்றின் மேல் வண்டி ஓட்டினது ஞாபகம் வருகிறது. அதில் கல் ஏதாவது பெயர்ந்ததா என்று அன்றைக்கு இறங்கிப் பார்க்கவில்லை. வருகிற வாரம் போகிறேன்.

பள்ளத்தூர் 206:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றுச் சாயங்காலம் போனேன். தம்பியும் வந்தான். தடம் அப்படியே இருக்கிறது, ஒரு பக்கம் முழங்கால் ஆழம். மரத்தில் வண்டி மோதின காயமும் இருக்கிறது. அவன் நின்ற இடத்தில் அந்தக் கல் கிடந்தது. அவன் அதைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டான்.

புரட்டாசிக்குள் தடத்தை அடைத்தாக வேண்டும். சரளை போட்டால் தண்ணீரில் ஓடிவிடும் என்று ஊர்ப் பெரியவர் சொல்கிறார். களிமண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி, நனைத்து, திம்சுக் கட்டையால் அடிக்க வேண்டுமாம். ஏழெட்டு டிராக்டர் மண் பிடிக்கும் போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறோம். பக்கத்தில் இருக்கிறவர்கள் மண்வெட்டியோடு வந்தால் உதவியாக இருக்கும்.

சரளை ரோடு அண்ணே, கிளட்ச் விஷயம் மனதில் ஏறிவிட்டது. 407 இன்ஜினை இறக்குவது என்று முடிவு செய்துவிட்டோம். பழைய 1948 சிசி இன்ஜின் கொட்டகையில் தார்ப்பாய்க்குள்தான் இருக்கிறது, தம்பி அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். ரிங்கும் லைனரும் மாற்ற வேண்டும். அந்த ஒரு வழி வால்வு 206-க்கு உள்ளதே எங்காவது கிடைக்குமா? காரைக்குடியில் மூன்று கடை பார்த்துவிட்டேன்.