1986 போர்ஷே 911 கரேரா: சிப் மாற்றினால் உண்மையில் எவ்வளவு சக்தி கூடும்?

மலைப்பாதை911 கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். நான் கலிபோர்னியாவில் வசிக்கிறேன். அமெரிக்கச் சந்தைக்கென்று தயாரான 1986ஆம் ஆண்டு போர்ஷே 911 கரேரா ஒன்றை வைத்திருக்கிறேன். எஞ்சின் 3.2 லிட்டர், காற்றால் குளிரூட்டப்படுவது. இதுவரை பிரித்து வேலை பார்த்ததில்லை. ஐரோப்பாவில் விற்ற இதே வண்டிக்கு 231 பி.எஸ். (ஐரோப்பியக் குதிரைத்திறன்) இருக்க, என்னுடையதற்கு 207 குதிரைத்திறன்தான் என்பது எனக்கு நீண்ட நாள் மனக்குறை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான டி.எம்.இ.க்குள் இருக்கும் சிப்பை மட்டும் மாற்றினால் 25 குதிரைத்திறன் கூடும் என்று ஒரு விற்பனையாளர் உறுதி சொல்கிறார். அதை நம்பலாமா, எஞ்சினுக்குக் கேடு வருமா, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஸ்மாக் (புகை) சோதனையில் சிக்கல் எழுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தீப்பொறி எழுதியது:

விற்பனையாளரின் கணக்கை அவர் சொன்ன எண்ணை வைத்தே சரிபார்த்துவிடலாம். 207 உடன் 25 சேர்த்தால் 232. ஐரோப்பியப் பதிப்பின் 231 பி.எஸ். என்பதை அமெரிக்கக் குதிரைத்திறனுக்கு மாற்றினால் 228 வரும். அந்த எஞ்சினின் அமுக்க விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது) 10.3, உங்களுடையது 9.5. அதாவது, பிஸ்டனைத் தொடாமல், அமுக்கத்தைக் கூட்டாமல், ஒரு சிப்பைக் கொண்டே ஐரோப்பிய எஞ்சினையும் மிஞ்சிவிடலாம் என்கிறார் அவர். இதை நான் நம்ப மாட்டேன்.

அதே வேளையில், சிப்பால் ஒன்றுமே ஆகாது என்று சொல்வதும் சரியல்ல. அதற்குச் சான்று தொழிற்சாலையிடமிருந்தே கிடைக்கிறது. 1987 மாடலில் போர்ஷே நிறுவனம் அமெரிக்க கரேராவின் அமுக்க விகிதத்தை 9.5 ஆகவே வைத்துக்கொண்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேப்பை, அதாவது சிப்பில் பதிந்துள்ள அட்டவணையை, மாற்றி, சக்தியை 217 குதிரைத்திறனுக்கு உயர்த்தியது. ஆகவே உங்கள் எஞ்சினில் மேப்பை மாற்றிப் பெறக்கூடியது ஏறக்குறைய 10 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் யார் என்ன எண்ணைச் சொன்னாலும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி), ஒரே வகைப் பெட்ரோலில் எடுத்த வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தப் பத்து எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டி.எம்.இ. பெட்டியிலுள்ள போஷ் மோட்ரானிக் அமைப்பில், எஞ்சின் வேகத்தையும் சுமையையும் இரு பக்கமாகக் கொண்ட ஓர் அட்டவணை ஈப்ராம் சிப்பில் பதிந்திருக்கிறது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பு தீப்பொறி விழ வேண்டும், இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை அது அந்த அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்கிறது. சாதாரண ஓட்டத்தில் எரிபொருள் அளவை ஆக்சிஜன் சென்சார் திருத்திக்கொண்டே இருப்பதால், சிப் விற்பவர்கள் பெரும்பாலும் கை வைப்பது இக்னிஷன் நேரத்திலும், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது நடைமுறைக்கு வரும் எரிபொருள் கணக்கிலுமே. மட்டமான பெட்ரோல், கடுங்கோடை, பராமரிப்பில்லாத வண்டி ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தாலும் எஞ்சின் பிழைக்க வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலை கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கும். சிப்காரர் விற்பது அந்த இடைவெளியைத்தான்.

கவலைப்பட வேண்டிய இடமும் அதுவே. உங்கள் எஞ்சினில் நாக் சென்சார் (கலவை தானாக வெடிப்பதை உணரும் கருவி) கிடையாது. சிலிண்டரின் விட்டம் 95 மி.மீ., பிளக் ஒன்றே ஒன்று. தீ அவ்வளவு அகலத்தையும் கடந்து மறுமுனையை அடைவதற்குள் அங்குள்ள கலவை தானாக வெடித்துவிட்டால், அதைக் கேட்டு இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்க அந்தப் பெட்டியில் எதுவும் இல்லை. எஞ்சின் உங்கள் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருப்பதால் அந்தச் சத்தம் உங்கள் காதிலும் விழாது. அடுத்து வந்த 964 மாடலுக்கு இரட்டைப் பிளக்கும் நாக் சென்சாரும் கொடுத்த பிறகுதான் அமுக்க விகிதத்தை 11.3 வரை உயர்த்தினார்கள்.

இனி பெட்ரோலுக்கு வருவோம். கலிபோர்னியா பங்க்குகளில் பிரீமியம் என்று விற்பது 91 ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு). ஐரோப்பிய அளவுமுறையில் அது 95, 96 அளவில்தான் நிற்கும். ஜெர்மனியின் 98 ஆக்டேனுக்கோ, உங்கள் நாட்டின் கிழக்கு மாநிலங்களில் கிடைக்கும் 93 ஆக்டேனுக்கோ எழுதப்பட்ட சிப்பை வாங்கி மாட்டி, ஆகஸ்ட் வெயிலில் மலையேறினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எந்தப் பெட்ரோலுக்கு எழுதப்பட்டது என்பதுதான் விற்பனையாளரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதற்கு நேரான பதில் வராவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

டர்போ951 எழுதியது:

தீப்பொறி அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சிப் என்றாலே ஏமாற்று என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. என்னிடம் இருப்பது 944 டர்போ. அதில் டி.எம்.இ.யோடு கே.எல்.ஆர். என்ற இரண்டாவது பெட்டி ஒன்று உண்டு. நாக் சென்சாரைக் கவனிப்பதும், டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் அதன் பொறுப்பு. இரண்டின் சிப்பையும் சேர்த்து மாற்றும்போது அழுத்தமே உயர்கிறது, எஞ்சினுக்குள் போகும் காற்று கூடுகிறது. ஆகவே ஓட்டுபவருக்கே தெரியும் அளவுக்கு வித்தியாசம் கிடைக்கிறது. தவறு நேர்ந்தால் தடுக்க ஒரு காவலும் இருக்கிறது. கரேராவில் காற்று அதேதான். டர்போ வண்டிக்காரர்கள் சொல்லும் எண்களைப் படித்துவிட்டு டர்போ இல்லாத எஞ்சினில் அதை எதிர்பார்ப்பதால்தான் இத்தனை ஏமாற்றம்.

பட்டறைக்காரன் எழுதியது:

நண்பரே, சிப்புக்கு முன் எஞ்சினைப் பாருங்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம். பிரித்து வேலை பார்க்காத 3.2 என்கிறீர்கள், இந்த எஞ்சின்களில் வால்வ் கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்) தேய்வது சாதாரணம். தேய்ந்த கைடு வழியாக எண்ணெய் உள்ளே இறங்கி எரிந்தால், நீங்கள் ஊற்றும் 91 ஆக்டேன் உள்ளே போய் 91 ஆக இருக்காது. நாக்கிங் இன்னும் எளிதில் வரும். லீக்டவுன் சோதனை (சிலிண்டரில் காற்றை ஏற்றி, எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) ஒன்றைச் செய்து ஆறு சிலிண்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த பேச்சு.

அடுத்ததாகக் காற்றளவு மீட்டர்; எஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்து சுமையைப் பெட்டிக்குச் சொல்வது அதுதான். மேலுள்ள கறுப்பு மூடியைத் திறந்தால், முள் உரசிச் செல்லும் கார்பன் தடம் தெரியும். வண்டி அதிக நேரம் ஓடும் வேகத்துக்குரிய இடத்தில் அது தேய்ந்து பளபளவென்று கோடு விழுந்திருக்கும். அந்த இடத்தில் சுமையின் அளவு தவறாகப் போகிறதென்றால், எவ்வளவு நல்ல மேப்பும் தவறான கட்டத்தைத்தான் படிக்கும். சிலிண்டர் ஹெட் வெப்ப சென்சாரையும் பாருங்கள்; பழையது ஒற்றை வயர் கொண்டது, பின்னால் இரட்டை வயராக மாற்றினார்கள். இவற்றைச் சரிசெய்தாலே காணாமல் போன சக்தியில் ஒரு பங்கு திரும்பிவிடும். சிப் மாட்டி வண்டி பறக்கிறது என்பவர்களில் சிலர் அதே வாரத்தில் பிளக்கும் ஃபில்டரும் மாற்றியிருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

ஸ்மாக் விஷயம்: அங்கே 1976 முதல் வந்த வண்டிகளுக்குச் சோதனையிலிருந்து விலக்கு இல்லை. கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் ஒப்புதல் எண் இல்லாத சிப்பைச் சாலையில் ஓடும் வண்டியில் பொருத்துவது சட்டப்படி தவறு. பெட்டிக்குள் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது என்பார்கள். டைனோ உருளையில் நிறுத்திப் புகையை அளக்கும்போது தெரியும். இக்னிஷனை முன்னுக்குத் தள்ளினால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிய வண்டிகளுக்காக எழுதப்பட்ட சில சிப்கள் ஆக்சிஜன் சென்சாரையே கண்டுகொள்வதில்லை. அவை உங்களுக்கு முற்றிலும் ஆகாதவை.

மலைப்பாதை911 எழுதியது:

மூவருக்கும் நன்றி. முதலில் லீக்டவுன் பார்க்க முடிவு செய்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எஞ்சின் நல்ல நிலையில் இருந்து, ஒப்புதல் எண்ணோடு 91 ஆக்டேனுக்கு எழுதிய சிப் கிடைத்தால், அதை நானே மாற்றலாமா? எஞ்சின் சுழலும் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் ரெவ் லிமிட்டரையும் உயர்த்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

தீப்பொறி எழுதியது:

ரெவ் லிமிட்டரைத் தொட வேண்டாம். இந்த எஞ்சின் உச்ச சக்தியைத் தருவது நிமிடத்துக்கு 5,900 சுற்றில். அதற்கு மேலே இறங்கிக்கொண்டிருக்கும் சக்திக்காக வால்வ் ஸ்பிரிங்குகளை வதைப்பதில் பயனில்லை.

சிப்பை நீங்களே மாற்றலாம். பெட்டி ஓட்டுநர் இருக்கையின் அடியில் இருக்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தை வெறும் உலோகத்தில் தொட்டு இறக்கிய பிறகு பெட்டியைத் திறங்கள். 1986 வரையிலான பெட்டியில் சிப்புக்கு 24 கால்கள், 1987 முதல் 28 கால்கள். ஆண்டைச் சொல்லியே வாங்குங்கள். பழைய சிப்பின் ஒரு முனையிலுள்ள அரைவட்ட வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு, இரு முனைகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக உயர்த்தி எடுங்கள். திருப்பி மாட்டினால் சிப் அந்த நொடியே போய்விடும். அசல் சிப்பின் மேலுள்ள ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். அதன் அடியிலிருக்கும் கண்ணாடி வழியாகப் புற ஊதா ஒளி தொடர்ந்து பட்டால் பதிவு அழியும். அதை நிலைமின்சாரம் தாக்காத உறையிலிட்டு வண்டியின் ஆவணங்களோடு வையுங்கள். பிற்காலத்தில் வாங்க வருபவர் கட்டாயம் கேட்பார்.