புதுப்பிப்பு: கறுப்பின மாணவியின் முனைவர் பட்ட விண்ணப்பக் கட்டணம்

அமெரிக்காவில் என்னிடம் வேதியியல் படித்த கறுப்பின மாணவிக்காக, முனைவர் பட்ட விண்ணப்பக் கட்டணத்தைச் சமாளிக்க வழி கேட்டிருந்தேன். அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது மெக்நேர் யோசனைதான். 1986 சாலஞ்சர் விபத்தில் இறந்த விண்வெளி வீரர் ரொனால்ட் மெக்நேரின் பெயரில், மாணவர்களை முனைவர் பட்டப் படிப்புக்குத் தயார்செய்யும் அமெரிக்க அரசுத் திட்டம் அது. அதன் மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எதிர்பாராதது ஒன்று. அவர் விண்ணப்பித்த துறைகளில் படிக்கும் கறுப்பின மாணவர்களிடம் பேச வேண்டும் என்று கேட்டதும் ஒரு துறை வாயே திறக்கவில்லை. இன்னொரு துறையின் மாணவர்களோ தாங்களே அழைத்து, எந்தப் பேராசிரியரிடம் சேரக்கூடாது என்பதுவரை கொட்டித் தீர்த்தார்கள். அங்கேதான் சேர்கிறார்.

உதவித்தொகையோடு வரும் சேர்க்கை அழைப்புக்குப் பதில் சொல்லப் பெரும்பாலும் ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு.