முதுநிலை இசைப் படிப்பு: செவ்வியலா, ஜாஸா? வழிகாட்டல் வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பியானோவில் இளநிலைப் பட்டத்தை முடிக்கவிருக்கும் நான், மேற்கத்தியச் செவ்வியல் இசையிலேயே முதுநிலை பயில்வதா, சில ஆண்டுகளாக என்னை முழுமையாக ஆட்கொண்டிருக்கும் ஜாஸுக்கு மாறுவதா என்று முடிவெடுக்க இயலாமல் இதை எழுதுகிறேன்.

இரண்டின் நுழைவுத் தேர்வுகளும் வெவ்வேறு திறன்களைக் கேட்கின்றன என்பதே என் பெருங்கவலை. செவ்வியல் பிரிவில் பெரும்பாலும் பரோக் காலம் (ஏறத்தாழ 1600–1750) முதல் இருபதாம் நூற்றாண்டு வரையிலான படைப்புகளை இசைக்குறிப்பைப் பார்க்காமல் வாசிக்க வேண்டும். ஜாஸிலோ, டிரம்ஸும் பாஸும் வாசிப்பவர்களுடன் இணைந்து, ப்ளூஸ், மெதுவான பாலட், வேகமான உருப்படி எனப் பலவற்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அங்கேயே மனோதர்மமாக விரித்துக் காட்ட வேண்டும். நேரடித் தேர்வுக்கு அழைக்கப்படுவதற்கு முன் அனுப்பும் முன்தேர்வுக் காணொளிகளில் வெட்டி ஒட்டுவதற்கும் பொதுவாக அனுமதியில்லை. ஒரே சேர்க்கைப் பருவத்தில் இரண்டுக்கும் தயாரானவர்கள் இருந்தால், அன்றாடப் பயிற்சியை எவ்வாறு பிரித்துக்கொண்டீர்கள் என்பதை விரிவாகச் சொல்லுங்கள்.

செலவும் ஒரு கேள்விதான். அமெரிக்காவின் யேல் இசைப் பள்ளியில் சேர்வோருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பொதுவாகப் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. ஆயினும் வாரந்தோறும் தனிவகுப்பு எடுக்கப்போகும் ஆசிரியரே கட்டணத்தைவிட முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். விண்ணப்பிக்கும் முன்பே ஆசிரியருக்கு எழுதி மாதிரி வகுப்பு கேட்டவர்கள், எப்போது, எத்தகைய ஒலிப்பதிவுகளுடன் எழுதினீர்கள் என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.