‘தடையுத்தரவு’: எல்லாத்துக்கும் ஒரே சொல்லா?

வணக்கம். மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் காணி வழக்கு ஆவணங்களை மொழிபெயர்க்கிறவர்கள், சட்டத்தரணிமார் யாராவது உதவுங்கோ.

‘என்ஜாயினிங் ஓடர்’ (தடை கேட்ட விண்ணப்பத்தை விசாரித்து முடிக்கும்வரை கொடுக்கும் அவசரக் கட்டளை), ‘இன்டரிம் இன்ஜங்ஷன்’ (அந்த விண்ணப்பத்தை விசாரித்தபின் கொடுக்கும் தடை) இரண்டையும் ‘தடையுத்தரவு’ என்றே எழுதிவிடுகிறார்கள். குழப்பம் இங்கேதான். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 664ஆம் பிரிவுப்படி முன்னது முதலில் 14 நாளுக்கு மேல் போகாது. நீடிப்பதென்றாலும் ஒரு தடவைக்கு 14 நாள்தான், அதற்கும் காரணம் பதியவேணும். தடை விண்ணப்பம் தீர்ந்ததும் அது தானாகவே அற்றுப்போகும். பின்னது சாதாரணமாக வழக்கு முடியும்வரை நிற்கும். பெயர்ப்பில் இரண்டும் ஒன்றானால், காலாவதியான கட்டளையைக் காட்டி வேலி அடைப்பை மறிக்கிறார்கள். இல்லாவிட்டால் உயிரோடிருக்கும் தடையை மீறி நீதிமன்ற அவமதிப்பில் மாட்டுகிறார்கள்.

போதாக்குறைக்கு, ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் வரும் காணிப் பிணக்கில் நீதவான் ‘இன்னார் ஆட்சியில் இருக்கட்டும்’ என்று கொடுப்பதையும் சனம் தடையுத்தரவு என்கிறது. அதில் காணி உரித்துத் தீர்வதேயில்லை.

முன்னதற்குக் ‘கட்டாணை’, பின்னதற்கு ‘இடைக்காலத் தடைக்கட்டளை’ என்று பிரித்து எழுதலாமென்பது என் எண்ணம். உங்கள் நீதிமன்றப் பதிவேட்டில் எந்தச் சொல் புழங்குது? கட்டளைத் தாளில் உள்ளபடியே எழுதிவிடுங்கோ, ஆட்களின் பெயர், வழக்கிலக்கம் வேண்டாம்.